குமுத மாசியின் வகுப்பு மூடப்பட்ட காரணம்

அன்புள்ள சீனுவுக்கு,

பவானிபூரிலிருந்து அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. என் இருமல் போய்விட்டது. க்ஷேம சமாசாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் உன் கடிதத்துக்குப் பதில். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

பர்த்வானிலிருந்து நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கான வகுப்புகளைப் பள்ளிகளாக அங்கீகரிக்கலாமா என்று மேலிடத்தில் மறுபடி கேட்டிருக்கிறார்கள், உன் வட்டத்திலிருந்து அபிப்பிராயம் எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்றதும் எனக்கு ஏகப் பெருமை. உதவி இன்ஸ்பெக்டரான இரண்டே வருஷத்தில் இப்படி ஒரு காரியம் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் அடுத்த பாராவில் ஒரு பழைய விதியை எடுத்து எழுதியிருந்தாய். ‘எழுத்து கற்பிக்காத இடம் பள்ளியாகாது, ஐந்து வயது நிரம்பாத குழந்தையைச் சேர்ப்பது பள்ளியின் வேலையுமாகாது.’ அதன் கீழே, இதை எழுதிய மகானுபாவர் யார் அப்பா, நீங்கள் அந்த ஆபீஸிலேயே காலம் தள்ளியவர், உங்களுக்குத் தெரியாமல் இருக்காதே என்று கேலியாகக் கேட்டிருந்தாய். தெரியும். நான்தான்.

கடைசியில் உன் குழந்தையைப் பற்றி இரண்டு வரி. அவனைப் பக்கத்து வீட்டு அம்மாள் நடத்தும் வகுப்பில் விட்டாய், அவன் உள்ளே ஓடியவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அன்று முழுவதும் ஆபீஸில் எதுவும் ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். விளையாட்டாக எழுதினதாக நீ நினைத்திருக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த இரண்டு வரியையும் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “எழுதிடுங்கோ. அவன் வந்தப்புறம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல உங்களால ஆகாது” என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எழுதுகிறேன்.

உனக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்த சமயம். நம் பக்கத்தில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உன் தங்கை பிறந்தபின் அம்மாவுக்கு விடாத ஜுரம். ஊரிலிருந்து ஒத்தாசைக்கு வருகிறேன் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கடிதத்திலேயே நின்றுவிட்டார்கள். நீயோ ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை. நம் சந்துக்குள் இரண்டு வீடு தள்ளி, பெண்கள் பள்ளிக்குச் சொந்தமான கீழ்க்கட்டு அறையில் குமுத மாசி சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தாள். நாம் சித்தி என்பதைத்தான் இந்த ஊரில் மாசி என்பார்கள், சந்துக் குழந்தைகள் எல்லாருக்கும் அவள் மாசி. இளம் வயதிலேயே புருஷனை இழந்தவள். ஏதோ ஒரு மிஷன் அம்மாளிடம் குழந்தைகளைப் பழக்கும் முறையைக் கற்றுக்கொண்டவள் என்று சொன்னார்கள். அவளாகவே ஒரு நாள் நம் வீட்டு வாசலில் வந்து நின்று, உன் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பையனை மத்தியானம் வரை என்னிடம் விடு என்று கேட்டாள். உன் அம்மா சரியென்றாள். நானும்தான் சரியென்றேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்த அறை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. ஒரு பெரிய பாய், இரண்டு மண் தொட்டியில் தண்ணீர், ஒரு கூடையில் பிசைந்த களிமண், இன்னொரு கூடையில் நாவல் கொட்டையும் சோழியும். பன்னிரண்டு, பதின்மூன்று குழந்தைகள். பலகை கிடையாது, பிரம்பு கிடையாது. அடுத்த சந்தில் ஒரு பண்டிதர் பாடசாலை வைத்திருந்தார். அங்கே உன் வயதுப் பிள்ளைகள் சுவரோரமாக வரிசையில் உட்கார்ந்து ஓதுகிற சத்தமும், நடுவில் ஒரு அழுகைச் சத்தமும் டிராம் ஏறப் போகும்போது எனக்குக் கேட்கும். மாசியின் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்கும். ஆறு வயதுக்கு முன் எழுத்து வேண்டாம், கை முதலில் மண்ணைப் பிசையட்டும் என்பது அவள் கட்சி. அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது. கல்வி இலாகாவில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பள்ளியில் எந்த வகுப்புப் பிள்ளை எத்தனை எழுத்து படித்தான் என்று நாள் முழுவதும் பிரதி எடுக்கிறவனுக்கு வேறு எப்படிப் படும்?

ஆனால் சோம்பேறித்தனம் என்பதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. ஆறு மணிக்கு நான் டிராமை விட்டு இறங்கி, கையில் சந்தேஷ் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருவேன். நீ பொரியைக் கொறித்துக்கொண்டு மாசி சொன்னாள், மாசி காட்டினாள், மாசி பாடினாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாய். அவள் உட்காருகிற மாதிரியே ஒரு காலை மடக்கி உட்காருவாய். நான் பேசுகிற வங்காளியைக் கேட்டுச் சிரிப்பாய். மாசி இப்படிச் சொல்ல மாட்டாள் என்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் விழுந்து உனக்கு முழங்கால் கிழிந்து ரத்தம். நான் ஓடிவந்து தூக்கினேன். என் தோள்மேல் முகத்தை வைத்துக்கொண்டு, நீ “மாசி, மாசி” என்று அழுதாய். தூக்கியவன் நான். உன் அம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொம்பளை, அந்நிய பாஷைக்காரி, என் பிள்ளையை என் கண்முன்னால் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று அன்று தோன்றிவிட்டது. தோன்றினது போகவேயில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் எனக்கென்று வைத்திருந்தேன். உன் முதல் எழுத்து. வருகிற விஜயதசமிக்கு உனக்கு ஐந்து நடக்கும். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, உன்னை மடியில் உட்கார்த்தி, விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு புதுத் தாம்பாளம்கூட வாங்கி வைத்திருந்தேன். அந்த ஒரு காரியத்தில் மாசிக்கு இடமில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்குச் சரஸ்வதி பூஜை தை மாசத்திலோ மாசி மாசத்திலோ வருகிறது, அன்றைக்குத்தான் குழந்தை கையில் சுண்ணக்கட்டியைக் கொடுத்து முதல் எழுத்து எழுத வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நமக்கு அதில் என்ன என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பூஜையன்று ஆபீஸ் லீவு. மஞ்சள் வேஷ்டியும் மஞ்சள் சேலையுமாகச் சந்தே மாறியிருந்தது. உன்னை அழைத்துவர நானே போனேன். வாசலில் ஏகக் கூட்டம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புரோகிதர் முன்னால் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். நீ மாசியின் மடியில் இருக்கிறாய். உன் கையில் சுண்ணக்கட்டி. முன்னால் ஒரு பலகை, அதில் பெரிதாக வங்காளி ‘அ’. அவள் குனிந்து உன் காதில் ஏதோ சொல்கிறாள், நீ தலையை ஆட்டுகிறாய். நான் உள்ளே போகவில்லை. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் கொண்டுவந்து விட்டாள். அன்று சாயங்காலம் நீ கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, எங்கேயோ பொறுக்கிவந்த துண்டுச் சுண்ணக்கட்டியால் அதே வங்காளி எழுத்தை எழுதினாய். கோணலாக, என் உள்ளங்கை அகலத்துக்கு. எழுதிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் எழுந்து போய் ஈரத்துணியைக் கொண்டுவந்து அதைத் துடைத்தேன். நீ அழவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கு அடுத்த வாரம் என் மேஜைக்கு ஒரு காகிதக் கட்டு வந்தது. இப்படியெல்லாம் கதையில்தான் வரும் என்று நினைப்பாய்; ஆபீஸில் இருபது வருஷம் இருந்து பார், வரும். இன்ஸ்பெக்டர் அம்மாள் ஒருத்தி மாசியின் வகுப்பைப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதியிருந்தாள். குழந்தைகள் பயமில்லாமல் பேசுகிறார்கள், கை வேலையில் நிதானம் இருக்கிறது, இப்படி ஒரு வகுப்பை நகரத்தில் உள்ள ஒவ்வொரு பெண்கள் பள்ளியோடும் சேர்த்து அங்கீகரிக்க வேண்டும் என்று சிபாரிசு. துரை சீமையிலிருந்து புதிதாக வந்தவர். ஊர் நிலவரம் தெரியாததால் குறிப்பு எழுதி வைக்கும்படி என்னிடம் அனுப்பினார். நான் எழுதினேன். என் கையெழுத்து எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அன்று அதைவிட நன்றாக இருந்தது. எழுத்து கற்பிக்காத இடத்தைப் பள்ளி என்று சொல்ல விதியில் இடமில்லை என்று ஆரம்பித்தேன். எழுத்தைக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு வாரமாகக் கொதித்துக்கொண்டிருந்தவன், எழுத்து கொடுப்பதில்லை என்று குற்றம் சாட்டினேன். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘இவ்வகை வகுப்புகளால் சிறு குழந்தைகள் பெற்றோரிடமிருந்து அந்நியப்படுவதாக அப்பகுதிப் பெற்றோர் பலர் குறைப்படுவதாகத் தெரிகிறது.’

பலர் இல்லை, சீனு. நான் ஒருத்தன். பக்கத்து வீட்டு வக்கீல் பாபு அவளைத் தெய்வம் என்பார். டிராம் கண்டக்டர் பெண்டாட்டி அவளுக்குப் பூசணிப் பூவாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். குறைப்பட்டவன் ஒருவன், அவனே குமாஸ்தா, அவனே குறிப்பெழுதினான். துரை ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். சித்திரையில் விதி வெளிவந்தது, நீ எனக்கு எழுதிக் காட்டியிருக்கும் அதே வாக்கியம். பள்ளி இல்லை என்றானபின் பெண்கள் பள்ளிக்காரர்கள் அந்த அறையைத் தையல் வகுப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். மாசியின் ஒரு வகுப்பு போனதோடு விஷயம் முடிந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறும். அந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் கேட்ட மற்ற வகுப்புகள் ஒன்றுகூட வரவில்லை. அதற்கப்புறம் எந்த ஊரிலிருந்து யார் கேட்டாலும் இந்த விதியைக் காட்டி இல்லையென்று பதில் போட்டோம். பதிலை எழுதினவனும் பல தடவை நான்தான்.

மாசி சிப்பூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும் முன் நம் வீட்டுக்கு வந்தாள். நான் முன்னறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நேரே உள்ளே போய் அம்மாவிடம் வெகு நேரம் பேசினாள். நீ அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சுற்றினாய். அவள் போனபின் அம்மா என் எதிரில் வந்து நின்றாள். குறிப்பு எழுதிய விஷயம் அவளுக்கு அப்போது தெரியாது. பூஜையன்று நடந்ததை மாசி சொன்னாளாம், அதைத்தான் சொன்னாள். மற்ற குழந்தைகள் எழுதுவதைப் பார்த்து நீயும் எழுத வேண்டும் என்று அழுதிருக்கிறாய். புரோகிதரும் கூப்பிட்டிருக்கிறார். மாசி உன்னை வரிசையில் விடாமல் மடியில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள். அழுகை நிற்கட்டும் என்று சுண்ணக்கட்டியை மட்டும் கையில் கொடுத்தாள். முன்னால் இருந்தது வக்கீல் பாபு பெண்ணின் பலகை. “‘உங்க ஊர்ல இதுக்கு வேற நாள் இருக்கு, உங்கப்பா விரலப் பிடிச்சு எழுதவைப்பார், அது வரைக்கும் காத்துண்டிரு’ன்னு காதுல சொன்னாளாம். அவ உங்க பிள்ளைய எடுத்துக்கலே. உங்களுக்காக வெச்சுண்டிருந்தா” என்றாள் அம்மா.

எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. அப்படியானால் கூடத்துத் தரையில் நீ எழுதிய எழுத்து? அதை யாரும் உன் விரலைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அந்தப் பலகையில் கண்ணால் பார்த்ததை வைத்து நீயாகவே எழுதினாய். உன் முதல் எழுத்து அதுதான். அதைத்தான் நான் ஈரத்துணியால் துடைத்தேன். ஐப்பசியில் விஜயதசமி வந்தது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினேன், உன்னை மடியில் வைத்தேன், விரலைப் பிடித்தேன். விரல் விறைத்துக்கொண்டு நின்றது. ‘அ’ எழுதி முடித்ததும் நீ என்னை நிமிர்ந்து பார்த்து, “இதையும் அழிச்சுடுவியா அப்பா?” என்று கேட்டாய். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தை சமர்த்து என்றார்கள். மறுநாள் உன்னைப் பண்டிதரிடம் கொண்டு விட்டேன். ஒரு வருஷம் நீ வீட்டில் பாடவே இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

இன்னொரு குறிப்பு எழுதித் திருத்தியிருக்கலாம். அதற்கு, முன்னால் எழுதியது பொய் என்று எழுத வேண்டும். பயம் ஒரு பக்கம். அதோடு, உண்மை தெரிந்தபின் பொறாமை ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை, கூடினது. அவள் என்னைவிட நல்லவளாக வேறு இருந்துவிட்டாளே என்ற ஆத்திரம் சேர்ந்துகொண்டது. அம்மாவிடம் சொல்லவே எட்டு வருஷம் எடுத்தது. சொன்ன அன்று அவள் எனக்குச் சாதம் போட்டாள், பேசவில்லை. ஒரு மாசம் பேசவில்லை.

இப்போது நீ அபிப்பிராயம் எழுத உட்கார்ந்திருக்கிறாய். மாசி செய்ததெல்லாம் சரி என்று எழுதிவிடாதே. அவள் பாயில் எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள்தான் அநேகமாக உட்கார்ந்தார்கள். அதே சந்துக்கு வந்து சாக்கடை எடுத்தவனின் பிள்ளை வெளியே வண்டியடியில் உட்கார்ந்திருந்தது. அவள் அதை உள்ளே கூப்பிட்டு நான் பார்த்ததில்லை, நானும் கூப்பிடச் சொன்னதில்லை. வயது விதியில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூன்று வயதுக் குழந்தையைப் பிரம்புக்கு முன்னால் உட்கார்த்துகிறவர்களை எதையாவது காட்டித் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் விதி பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாட்டைத்தான் நிறுத்தினது. சின்னக் குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் விதி எழுதும்போது எங்கேயோ ஒரு பெரியவனின் வயிற்றெரிச்சல் அதில் கலந்துவிடுகிறது. இன்ஸ்பெக்டருக்கு எண்ணிப் பார்க்க ஏதாவது வேண்டும், அப்பனுக்குப் பிள்ளை தன்னுடையதாகவே இருக்க வேண்டும், எழுதுவதெல்லாம் குழந்தையின் நன்மைக்கு என்று எழுதுவோம். நீ எழுதும் முன் உன் பக்கத்து வீட்டு அம்மாளின் வகுப்பில் பாயில் ஒரு மணி நேரம் உட்காரு. குறிப்புப் புத்தகத்தைத் திறக்காதே. உன் பிள்ளை அங்கே யார் மடியில் உட்காருகிறான் என்று பார்த்து உனக்குள் ஏதாவது சுருக்கென்றால், அன்றைக்கு ஒரு வரியும் எழுதாதே.

பழைய கட்டு இன்னும் அந்த ஆபீஸில்தான் இருக்கும். எடுக்கச் சொல்லிப் பார். பெற்றோர் பலர் என்றிருக்கும் வரியின் பக்கத்தில், ஒருவர் மட்டும், அவர் இந்த ஆபீஸ் குமாஸ்தா என்று எழுதி, என் பெயரைப் போடு. இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கட்டிவிடு. தமிழில் இருக்கிறது, யார் படிப்பார்கள் என்று விட்டுவிடாதே, மொழிபெயர்த்து வை. நீ செய்வாயா மாட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அப்பாவின் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்த வரியை அப்படியே விட்டாயானால், இருபது வருஷத்துக்கு மேலாக நான் செய்த காரியத்தையே நீயும் செய்ததாக ஆகும்.

இன்னும் ஒன்று பாக்கி. மாசி இருக்கிறாள். சிப்பூரில் அண்ணன் மகன் வீட்டில், கங்கைக்கரைப் படித்துறையை ஒட்டிய தெருவில். கண் சரியாகத் தெரியவில்லையாம். உன் அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். எனக்கு இத்தனை நாளாகத் தெரியும், உனக்குத்தான் சொல்லவில்லை. சின்ன வயதில் நீ மாசி எங்கே என்று கேட்டபோதெல்லாம் ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். அவள் ஒவ்வொரு தடவையும் உன்னைக் கேட்கிறாளாம். நான் எழுதிய குறிப்பை அம்மா அவளிடம் சொல்லவில்லை. அதை நீ சொல்ல வேண்டாம், நான் போய்ச் சொல்கிறேன். நீ போய் வந்தபிறகு போகிறேன்.

பூஜை லீவுக்குக் குழந்தையோடு வருகிறாய். ஹவுராவில் இறங்கினால் சிப்பூர் அந்தக் கரையிலேயே இருக்கிறது. நம் வீட்டுக்குப் பாலம் தாண்டி வர வேண்டும். முதலில் அங்கே போ. குழந்தையை அவள் மடியில் உட்கார்த்து. அவசரப்படாதே, சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டுவிட்டு வா. காலை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, பாலம் தாண்டி டிராம் பிடித்து இங்கே வர எவ்வளவு நேரமாகும் எல்லாம் எனக்கு மனப்பாடம். நீ அதையெல்லாம் தாண்டி எவ்வளவு நேரம் அவளிடம் இருந்தாய் என்று நான் வாசலில் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அந்தக் குணம் போகவில்லை, சீனு. போகும் என்று தோன்றவுமில்லை. ஆனாலும் முதலில் அங்கே போ.

உன் அப்பா